மருள் என்னும் சொல்

சைவ நன்மக்கள் ஓதும் நூல்களினும் உலகவழக்கினும் ஒருங்கே பயின்றுவருஞ் சொற்களுள் மருள் என்பது ஒன்று. இருள், மருள், தெருள், அருள் என்னும் நான்கும் ஓசையால் ஒன்றனையொன்று ஒத்து நிற்றலின், செய்யுள் செய்வார்க்கு எதுகைக்கு உதவுவனவாய் அடுத்தடுத்து வருகின்றன. அவ்வாறு அடுத்து வருதலே ஒரு பிழைக்கு வாயிலாயிற்று. இருளென்பதும் மருளென்பதும் அறியாமை என்னும் ஒருபொருளையே குறிப்பன எனக்கொண்டு பலர் அமைந்துவிடுகின்றனர். அங்ஙனங் கொள்ளுதல் சொல்லிலக்கணத்துக்கும் பொருந்தாது. சித்தாந்த நூன்முடிபுக்கும் பொருந்தாது. சாதனை செய்வார்க்கோ பெரியதோர் இடையூறுமாம். ஆகலின், அச்சொல்லின் பிறப்பையும் பொருளையும் ஈண்டு ஒருவாறு ஆராயப் புகுகின்றாம்.

இவ்வாராய்ச்சிக்கு எம்மைத் தூண்டியது ஏட்டு வழக்கன்று, நாட்டு வழக்கேயாம். எம்மூராகிய காரியாபட்டிக்கும், அதன் தெற்கே உள்ள அருப்புக்கோட்டை, திருச்சுழி என்னும் ஊர்களுக்கும் இடைப்பட்டது வானம் பார்த்த பூமி. ஆண்டுள்ள சிற்றூர்களில் ஊர்த்தெய்வங்கட்குப் பொங்கலிட்டு விழா எடுக்குங்கால், கொட்டொலி மிகுந்தவழி ஒருவர் மெய்ந்நடுங்கி எழுந்து ஆடுவர். அவரை அருளாடி என்பாரும் உளர். மருளாடி என்பாரும் உளர். "அருள் இறங்கிற்று" என்று ஒருவர் கூற, அருகில் நிற்பவர் அதனையே "மருள் வந்துவிட்டது" என்று கூறக் கேட்டிருக்கின்றாம். நூல்வழக்கில் அருளும் மருளும் தம்முள் மறுதலைப்பட்டன. மறுதலைப்பட்ட இரண்டு பெயர் ஒரு நிலைக்கு எவ்வாறு பொருந்தின? கல்லாதார் கூற்றென இதனைத் தள்ளிவிடலாகாது. வழக்கு உண்டாயின் அதற்கொரு காரணமும் உண்டாதல் வேண்டும்.

சொல்லின் பிறப்பு

முதற்கண், பொருந்தாதன இரண்டனை விலக்குவாம். சொற்பொழிவாளர் சிலர், மலத்தைக் குறிக்கும் மகரமெய் அருளின் முன்னர் வந்து கூட மருளாயிற்று எனக் கூறி, மகரம் நீங்கின் அருளேயாம் என முடிப்பர். கேட்டற்கு இனிது, உள்ளத்திற் பதிதற்கும் உதவும். எனினும் அது சொல்லாராய்ச்சி ஆகாது. அம்முறை கொள்ளின் பொருள், உருள், சுருள் என்பவற்றுக்கும் அவ்வாறே கூறல்வேண்டும். கூற இயலாமை வெளிப்படை. இனி, வறண்ட நிலத்தில் வளரும் நார்ச்செடியொன்று மருள் எனப்படும். முன்னோர் அதன் நாரை வில்லுக்கு நாணாகத் திரித்தனர். அது சங்கச் செய்யுட்களில் மரல் என வழங்கிய பெயரின் திரிபாகலின், ஈண்டு ஆராயப்படும் சொல்லோடு இயைபுடையதன்று.

மற்று இதன் பிறப்பு யாதோ எனின், கூறுதும். வெருவு என்னும் வினையோடு வெருள் என்பது எவ்வாறு இயைந்து நிற்கின்றதோ, அவ்வாறே மருவு என்னும் வினையோடு மருள் என்பது இயைந்து நிற்கின்றது என்பது எமது துணிபு. மருவுதலாவது கலத்தல், ஒன்றோடொன்று பொருந்துதல். எனவே மருள் என்பதற்கு அடிப்பொருள் கலப்பு என்பதேயாம். இன்னதென வேறு பிரித்துத் துணியலாகாதபடி இரண்டு பொருள் தம்முள் விரவி நிற்கும் நிலையே மருள் என்க. இருள் என்பதோ அவ்வாறன்று. இரவு, இரா, கரியென்னும் பொருட்டாகிய இருந்தை என்பவற்றோடு அஃது இனப்பட்டு, கருமை என்னும் ஒன்றனையே உணர்த்தும். கருமைக்கு இரண்டாவது பொருள் வேண்டுவதின்று. கலப்புக்கோ இரண்டு பொருள் வேண்டும். இருளுக்கும் மருளுக்கும் உள்ள வேற்றுமை அனைத்தும் இதன்கண் அடங்கும்.

வடிவொப்புமை ஒன்றே பற்றி இங்ஙனம் துணிதல் சாலாது எனின், நன்று கூறினீர். தொன்னூல் வழக்கு நான்கனைக் காட்டி இதனை நிறுவுவாம்.

முதலாவது மருட்பா. வெண்பா முன்னாகவும் ஆசிரியம் பின்னாகவும் ஒரு செய்யுளாக இயைந்து வருவது மருட்பா எனப்படும். புறநிலை வாழ்த்து, வாயுறை வாழ்த்து, செவியறிவுறூஉ, கைக்கிளை என்பன அதற்குரிய பொருள்கள். இரு பாவும் அடியொத்து வருவதனைச் சமனிலை என்றும், ஒவ்வாது வருவதனை வியனிலை என்றும் பின்னையோர் பகுத்தனர். தொல்காப்பியனார் செய்யுளியலுள் இதன் இயல்பு கூறுமிடத்து, இருபாற் சார்தலன்றித் தனக்கெனத் தனிநிலை ஒன்று இதற்கு இல்லை என்பதுபட ஓதினார். இதனுள் அறியாமை யாதும் இல்லை. மயக்கமுற்ற புலவன் பாடியது என்பதும் அன்று. இரண்டன் கலப்பு என்பதொன்றே இப்பெயர்க்குக் காரணம்.

இரண்டாவது மருள என்னும் உவமவுருபு. தொல்காப்பியர் உவமவியலுள் வினை, பயன், மெய், உரு என்னும் நான்கனுள் மெய்யுவமத்துக்கு, அஃதாவது வடிவுபற்றி வரும் உவமத்துக்கு உரியவாக எட்டுச் சொற்களைக் கூறினர். அவற்றுள் ஒன்று மருள என்பது. முத்து மருளும் பல் என்றவழி, பல்லை முத்தெனக் கொள்ளுமாறு இரண்டும் வடிவத்தால் விரவின என்பது கருத்து. இம்மருள் கண்ணில்லாதானுக்கு உண்டாகாது, இருளிலும் உண்டாகாது. முத்தும் அறிந்து பல்லும் அறிந்து, ஒளியும் பெற்று நோக்குவானுக்கே உண்டாகும். இதனை உளங்கொள்க, பின்னர்ப் பெரிதும் வேண்டப்படும்.

மூன்றாவது மருண்மாலை. அகப்பொருட் செய்யுட்களில் மாலைக்கு இவ்வடை வருதல் காண்க. திருக்குறட் காமத்துப்பாலுள்ளும் தலைவி மாலையை விளித்துக் கூறுமிடத்து இச்சொல் வந்துள்ளது. பகலும் இரவும் தம்முள் விரவிய பொழுதாகலின் மாலை மருளாயிற்று. நள்ளிரவுக்கு இவ்வடை பொருந்துமாறு இல்லை.

நான்காவது மருட்கை. எண்வகை மெய்ப்பாட்டுள் வியப்பினை ஆசிரியர் மருட்கை என்றே பெயரிட்டோதினர். புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்னும் நான்கும் அதற்கு நிலைக்களம். அறிவு நிரம்பப் பெறாமையும் அதற்கு இயல்பெனக் கூறினமையின், யாதும் அறியாமை வியப்பன்று, முற்ற அறிதலும் வியப்பன்று, அறிவும் அறியாமையும் ஒருங்கு நிற்பதே வியப்பு என்பது போதரும்.

இந்நான்கனுள்ளும் கலப்பென்னும் பொருள் ஒன்றே ஊடுருவி நிற்றல் காண்க. பிற திராவிட மொழிகளும் இதற்கு அரணாகின்றன. கன்னடத்தில் மருள் என்பது பித்தினையும் பேயினையும் உணர்த்தும். தெலுங்கில் மருலு என்பது காதல் மயக்கத்தினை உணர்த்தும். பித்தினும் பேய்க்கோளினும் காதலினும் ஒருவன் தான் தானாகவே நில்லாது, பிறிதொன்று தன்னுள் விரவ நிற்கின்றான்.

திருவள்ளுவர் கூறியது

மெய்யுணர்தல் என்னும் அதிகாரத்து முதற் குறளில், மெய்ப்பொருளல்லாதவற்றை மெய்ப்பொருளாகக் கொள்ளும் உணர்வே மருள் எனத் தெய்வப்புலவர் வரையறுத்தனர். உணராமையை மருளென்றிலர், ஒன்றனைப் பிறிதொன்றாக உணர்தலையே மருளென்றனர். பரிமேலழகர் இதனை விபரீத உணர்வு என விளக்கி, குற்றியை மகனென்றும் இப்பியை வெள்ளியென்றும் துணிதலை எடுத்துக்காட்டினர். தறியும் ஆளும் உயர்ச்சியான் ஒத்தன. சிப்பியும் வெள்ளியும் வெண்மையான் ஒத்தன. உவமவுருபாகிய மருள என்பதனுட் கண்டதே ஈண்டும் காணப்படுகின்றது. ஆண்டு அணியாய் நின்று இன்பம் பயந்தது, ஈண்டுப் பிறவிக்கு வித்தாய் நின்று துன்பம் பயந்தது என்பதே வேற்றுமை.

அடுத்த குறளில் இருளையும் மருளையும் ஆசிரியர் இருவேறு சொல்லாக வைத்தோதினர். மருளின் நீங்கிய தூய காட்சியினார்க்கு இருள் நீங்கி இன்பம் உண்டாம் என்பது அதன் திரண்ட பொருள். மருள் நீக்கம் காரணமாகவும் இருள் நீக்கம் காரியமாகவும் கூறப்பட்டமையின், இவை ஒருபொருட்சொல் அல்ல என்பது வள்ளுவனார்க்கும் கருத்தாதல் பெற்றாம்.

சித்தாந்த நூல்களில் இருளும் மருளும்

இனி, நம் சாத்திரங்களை நோக்குவாம். உமாபதிசிவாசாரியார் திருவருட்பயனில் மூன்றாம் அதிகாரத்துக்கு இருண்மலநிலை என்றே பெயரிட்டார். உலகத்து இருள் பொருளை மறைப்பினும் தன்னையேனும் காட்டி நிற்கும். ஆணவமாகிய இருளோ பொருளையும் காட்டாது, தன்னையும் காட்டாது. தான் அறியாமையுட் கிடக்கின்றோம் என்பதனையும் உயிர் அறியாவாறு செய்வது அதன் ஆற்றல். தனு, கரணம், புவனம், போகம் என்னும் மாயாகாரியங்களோடு கூடாத கேவல நிலையில் உயிர் இவ்வாறு கிடக்கும். அந்நிலையில் மருளுதற்கும் இடமில்லை. ஒன்றனைப் பிறிதாகக் காண்டற்கு யாதானும் ஒன்றைக் காண்டல் வேண்டுமன்றோ?

இறைவன் திருவருளால் மாயையினின்றும் கருவிகள் கூட்டப்பட்டவழி, உயிர்க்கு அறிவு சிறிது விளங்குகின்றது. இது சகல நிலை. ஆணவம் நீங்கியதின்று, செம்பிற் களிம்புபோல உடன் நிற்கின்றது. அறிவும் விளங்குகின்றது, மறைப்பும் நிற்கின்றது. இக்கலப்பினாலேயே உடம்பை யானென்றும், பொருளை எனதென்றும், நிலையாததனை நிலையென்றும் உயிர் துணிகின்றது. இதுவே மருள். மாபாடியமுடையாராகிய சிவஞானமுனிவர் ஆணவத்துக்கு இரண்டு சத்தி கூறியதும் இப்பகுப்பினை வலியுறுத்தும். அறிவை முழுதும் மறைத்து நிற்பது ஆவாரகசத்தி. சிறிது விளங்கிய அறிவைக் கீழ்நோக்கிச் செலுத்தித் திரிபுணர்வு விளைப்பது அதோநியாமிகாசத்தி. முன்னையது கேவலத்தும் பின்னையது சகலத்தும் தொழிற்படும். முன்னையதன் பயனை இருளென்றும், பின்னையதன் பயனை மருளென்றும் வழங்குவோமாயின், சொல்லும் பொருளும் ஒத்து நடக்கும்.

இவ்வாறு உயிர் இருபாலும் படுதற்குக் காரணம் யாதெனின், அதன் இயல்பே என்க. மெய்கண்டதேவர் சிவஞானபோத ஏழாஞ் சூத்திரத்து, சத்தாகிய சிவம் அசத்தை நுகராது என்றும், அசத்தாகிய பாசத்துக்கு அறிவில்லை என்றும், இரண்டனையும் அறிவதாய் இரண்டனுள் ஒன்றாகாததாய் உள்ளது உயிர் என்றும் நிறுவினர். அதனாலேயே அது சதசத்து எனப்பட்டது. திருவருட்பயனும், இருளில் இருளாயும் ஒளியில் ஒளியாயும் நிற்கும் பொருள்கள் உலகில் உளவன்றோ என்று வினவி உயிரின் சார்பியல்பை உணர்த்தும். கண்ணும் படிகமும் ஆகாயமும் அதற்கு உவமை.

மருட்பாவைக் குறித்துத் தொல்காப்பியனார் கூறியதனை ஈண்டு நினைவு கூர்க. இருபாற் சார்தலன்றித் தனக்கெனத் தனிநிலை இன்மை பாவொன்றற்குக் கூறப்பட்டது. மெய்கண்டார் உயிர்க்குக் கூறியதும் ஏறக்குறைய அதுவே. செய்யுளியல் சமயநூலன்று, ஆயினும் மருள் என்னும் சொல் தமிழருள்ளத்தில் எப்பொருளைக் குறித்து நின்றது என்பதற்கு அதனிற் சிறந்த சான்று யாம் கண்டிலேம். மற்றுமொன்று. அருணந்திசிவாசாரியார் தம் ஐயங்களை ஆசிரியராகிய மெய்கண்டார் திருமுன் விண்ணப்பித்த நூலாகிய இருபாவிருபஃது, அவ்விரு பாக்களாலேயே இயன்றது. மருட்பாவில் வெண்பாவும் ஆசிரியமும் ஒன்றனுள் ஒன்று விரவின. இருபாவிருபஃதில் அவை வேறுவேறாய் ஒன்றன்பின் ஒன்றாய் நின்றன. ஆசிரியன் முன்னிலையில் அறிவும் மலமும் வேறு பிரித்து உணரப்படுமாற்றினுக்கு இதனை ஓர் அடையாளமாகக் கொண்டு யாம் மகிழ்வதுண்டு.

மருணீக்கியார் வரலாறு

மருள் கல்லாமை அன்று என்பதற்குப் பெரியபுராணத்தினும் சான்று உண்டு. திருவாமூரிற் புகழனார்க்கும் மாதினியார்க்கும் மகவாகத் தோன்றிய நம் நாவுக்கரசர்க்குப் பிள்ளைமைப்பெயர் மருணீக்கியார். மருளை நீக்குவார் என்னும் பெயரினரே மருளுட் புக்கனர் என்பது உள்ளத்தை உருக்குஞ் செய்தியாம். அவர் கல்லாதவர் அல்லர், கலைகளைக் கற்றுணர்ந்தவர். உலகப் பற்றினால் மயங்கியவரும் அல்லர். யாக்கை நிலையாமையும் செல்வ நிலையாமையும் கண்டு அறஞ்செய்து துறந்தவர். நன்னெறி யாதென ஆராயுங்காலத்தேயே அமண்சமயம் புக்குத் தருமசேனர் எனப் பெயர் பெற்றனர். சேக்கிழார் அடிகள் இதற்குக் காரணங் கூறுமிடத்து, அவரது அறிவின் குறையைக் கூறினாரல்லர். இறைவன் அப்பொழுது அருளாமையையே கூறினர்.

இதனாற் போந்தது என்னை? அறிவு பெருகுதலால் மருள் நீங்குமென்னும் உறுதியில்லை. திருவருட்பயன் கூகையின் கண்ணை உவமை கூறியதும் இதுபற்றியே. ஒளி மிக்கவிடத்தும் அக்கண்ணுக்கு அஃது இருளேயாகின்றது. நூல் பல கற்று, பிறர்க்கு உரைத்து, மடத்து அவைகளில் மதிப்பும் பெற்ற எம்போல்வார் இவ்வரலாற்றைத் தமக்கென எழுதியதாகக் கொண்டு படித்தல் தகும். அவர்க்குச் சூலை வந்தது, திலகவதியார் இருந்தனர், திருவதிகை இருந்தது. மருளினின்றும் அவரை மீட்டது வாதமன்று, அருளேயாம்.

உறக்கமும் ஒடுக்கமும்

இனி, இவ்வாராய்ச்சியின் பயனாகிய பகுதிக்கு வருவாம். மருள் கலப்பாயின், கலப்பினை நீக்குதற்குக் கருவிகள் அனைத்தையும் ஓயச்செய்து யாதும் அறியாது கிடத்தலே வழியாகாதோ எனச் சிலர் வினவுவர். வினவுதலேயன்றி, கண்மூடி அமர்ந்தவிடத்து உணர்வு மழுங்கி ஒன்றும் தோன்றாதிருந்ததனைச் சிவானுபவம் என்று கொண்டாடுவாரும் உளர்.

சிவஞானபோத நான்காஞ் சூத்திரம் கொண்டு இதனை ஆராய்க. உயிர் சகசமலத்தால் உணர்வின்றி நிற்பது. அமைச்சரோடு கூடிய அரசன்போலக் கருவிகளோடு கூடி ஐந்தவத்தைப்படுவது. புருவநடுவில் நனவில் 35 கருவிகள். கண்டத்தில் கனவில் 25. இதயத்தில் சுழுத்தியில் 3. உந்தியில் துரியத்தில் 2. மூலாதாரத்தில் துரியாதீதத்தில் புருடன் ஒன்றே. கருவி குறையக் குறைய உயிர் கீழே செல்கின்றது என்பதனைக் கருதுக. கீழாலவத்தையில் துரியாதீதம் என்பது உணர்வு முழுதும் மழுங்கிய கடைநிலை. அப்பெயரே நின்மலாவத்தையிற் கூறப்படும்போது அருளால் எய்தும் உயர்நிலையைக் குறிக்கின்றது. பெயர் ஒன்று, புறத்தே நோக்குவார்க்குத் தோற்றமும் ஒன்று, பொருளோ விண்ணும் மண்ணும்போல் வேறு. இரண்டனையும் ஒன்றெனத் துணிதல் குற்றியை மகனெனத் துணிதலினும் கொடிய மருளாம்.

முத்தியிலும் ஆணவம் கெடாது, உயிர் கல்லுப்போலக் கிடக்குமெனக் கூறும் பாடாணவாதியை உமாபதிசிவனார் 1313-ஆம் ஆண்டில் இயற்றிய சங்கற்பநிராகரணத்துள் மறுத்தமையும் ஈண்டு நோக்கத்தக்கது. அவ்வாதத்தை இன்று தம் கொள்கையெனச் சொல்வார் அரியர். சொல்லாமலே அதனைச் சாதனையிற் கைக்கொள்வார் பலர்.

இதற்கு எம் நாட்டிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. சுந்தரமூர்த்தி நாயனார் திருப்பதிகம் பெற்ற திருச்சுழியல், குண்டாற்றங்கரையில் திருமேனிநாதப் பெருமான் எழுந்தருளிய தலம். அவ்வூரில் 1879-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் பிறந்தவர் இரமண மகரிஷிகள். தந்தையார் 1892-இல் இறந்தபின் மதுரையில் வளர்ந்த அவர்க்கு இளமையில் உறக்கம் மிகப் பெரிது. விழித்திருக்குங்கால் அவரைத் தொட அஞ்சிய சிறுவர், உறங்கும்போது தூக்கிச் சென்று அடித்து விளையாடி, மீண்டும் படுக்கையிற் கொணர்ந்து கிடத்துவர். மறுநாள் அவர்கள் சொல்ல அறிந்தாலன்றித் தமக்கு யாதும் தெரியாது என அவரே பிற்காலத்துக் கூறியுள்ளார். பெரியபுராணம் படித்து நெஞ்சம் நெகிழ்ந்த அவர், 1896-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் மரணத்தை நேர்நின்று ஆராய்ந்து, செப்டம்பர் 1-ஆம் நாள் திருவண்ணாமலை சேர்ந்தனர். ஆண்டு ஆயிரக்கால் மண்டபத்தைச் சார்ந்த பாதாளலிங்கக் குகையில் அமர்ந்திருந்தபோது பூச்சிகள் தொடையைக் கடித்துப் புண்ணாக்கின. அன்பர் தூக்கி வெளியிற் கொணர்ந்த போதும் அவர் உணர்ந்திலர்.

மதுரையில் அடியுண்டும் அறியாமை. அண்ணாமலையில் கடியுண்டும் அறியாமை. கண்ணாற் காண்பார்க்கு இரண்டும் ஒன்றே. இரண்டனையும் வேறுபடுத்துவது யாது? முன்னைய உறக்கத்தினின்றும் எழுந்தவர் படுத்த சிறுவரேயாக எழுந்தனர். பின்னையதற்கு வாயிலாகிய அந்நிகழ்ச்சிக்குப் பின்னரோ சாவச்சம் அகன்றது. உணவில் விருப்பு வெறுப்பு ஒழிந்தது. பிறர் இகழ்ந்தவிடத்து எழும் சினமும் அடங்கிற்று. மகரிஷிகளும் 1927-இல் இயற்றிய உபதேசவுந்தியாரில் மனவொடுக்கத்தை இலயம், நாசம் என இரண்டாக்கி, இலயமுற்றது மீள எழும் என்றனர். அவர்தம் அத்துவித நெறி நம் சித்தாந்தத்தோடு எவ்விடத்தும் ஒத்ததன்று. உயிரும் இறையும் பற்றிய கொள்கையில் வேற்றுமை பெரிது. எனினும் உறக்கத்தை ஒடுக்கமென மயங்கலாகாது என்னும் இவ்வொன்றில் அவர் கூற்று நமக்கு உடன்பாடேயாம்.

எம் இளமையில் நிகழ்ந்ததொன்றனைக் கூறுதற்கு நாணுகின்றாமாயினும், பிறர்க்குப் பயன்படுமென்று கூறுகின்றாம். இருபதாண்டு நிரம்பாத அக்காலத்தில் யாம் விடியலில் திருவைந்தெழுத்தைக் கணித்து அமர்வது வழக்கம். ஒருநாள் எண்ணமும் எண்ணுவானும் ஒருங்கே மறைய, நாழிகை கழிந்ததே தெரியாதிருந்து எழுந்தேம். அருள் கைகூடிற்று என்னும் இறுமாப்போடு ஆசிரியரிடஞ் சென்று உரைத்தேம். முதல்நாள் மாலை கிணற்றிலே நீர் இறைக்கும் முறைபற்றி யாம் எம் தம்பியை அடித்ததனை அவர் அறிந்திருந்தனர்.

"அப்பா, எழுந்ததும் தம்பியிடம் பேசினாயா?" என்று வினவினர்.

"இல்லை ஐயா, அவன் செய்தது பிழை" என்றேம்.

"நீ போன இடத்திற்கு அந்தச் சினமும் உன்னோடு வந்து, உன்னோடு உறங்கி, உன்னோடு எழுந்திருக்கிறது. நீ இருந்தது இருள், அதனை அருளென்று சொல்வது மருள்" என்றனர்.

அத்துணையே அவர் கூறியது. அன்று மாலை யாம் தம்பியை அழைத்துப் பேசினேம். இருள், மருள், அருள் என்னும் மூன்றற்கும் அதனினும் தெளிந்த இலக்கணத்தை யாம் பின்னர் எந்நூலிலும் கண்டிலேம்.

முடிபு

இதுகாறும் கூறியவாற்றான், இருள் என்பது அறிவு விளங்காமை என்பதும், மருள் என்பது விளங்கிய அறிவோடு மறைப்பு விரவுதலான் உண்டாகும் திரிபுணர்வு என்பதும், தெருள் என்பது அக்கலப்பு வேறு பிரித்துணரப்படுதல் என்பதும், அதனைச் செய்விப்பது அருள் என்பதும் பெறப்பட்டன.

தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கும் விடை இதனால் எளிதாம். ஊர்த்தெய்வத்தின் முன்னர் ஆடுவாரிடத்துத் தன்னுணர்வும் பிறிதொன்றும் விரவி நிற்கின்றன. வந்ததனை நோக்கினார் அருளென்றனர். வந்தவழி அவர் நின்ற நிலையை நோக்கினார் மருளென்றனர். எத்தெய்வத்தை வழிபடினும் அத்தெய்வமாய் வந்து அருளுபவன் அம்மையப்பனே எனச் சித்தியார் கூறுதலின், அவ்வழிபாட்டை இகழ்தற்கு நமக்கு உரிமையில்லை. ஆட்டம் ஓய்ந்தபின் ஆடினவரிடத்தும் கேட்டவரிடத்தும் பகை தணிந்ததா என்று நோக்குதல் ஒன்றே தகும். அவ்வளவுகோல் கண்மூடி அமர்வார்க்கும் நூல்விரித்து உரைப்பார்க்கும் ஒக்கும்.

இன்னும் ஒன்று கூறி முடிப்பாம். மருள் இழிந்ததெனக் கூறினாமாயினும், இருளினும் அது மேம்பட்டது. கலப்பாகலின் அதனுள் ஒளியும் சிறிது உண்டு. மாயையை உமாபதிசிவனார் விடியுமளவும் உதவும் விளக்கினை ஒத்ததென்றனர். விளக்கின் சிற்றொளியில் தறி ஆளாகத் தோன்றலாம். அதுபற்றி வெகுண்டு விடியுமுன்னரே விளக்கை அவிப்பவன் மருளினின்று நீங்கினானல்லன், இருளுட் புக்கான். கருவிகளை அருள்வழி நிறுத்தி, கண் திருநீற்றையும் செவி திருமுறையையும் நா திருவைந்தெழுத்தையும் கை திருத்தொண்டினையும் சார வைத்து, ஞாயிறு எழுந்துணையும் விளக்கைக் காத்திருத்தலே நாம் செய்யத்தக்கது. உயிர் சார்ந்ததன் வண்ணமாவது; சார்பு மாறின் மருள் தானே தெருளும்.

திருச்சிற்றம்பலம்.